எங்கள் வீட்டு டைபாய்டு

1

நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி அட்டையைப் பார்த்துவிட்டு, "அழுதீர்களா?" என்று கேட்டார். இந்த ஊரில் அறிமுகமில்லாதவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. என் எதிர்வீட்டுக்காரர் வானிலையைத் தாண்டி இதுவரை என்னிடம் எதுவும் விசாரித்ததில்லை. "இல்லை" என்றேன். அவர் நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்துப்போகிற எல்லோரிடமும் அவர் இதையே கேட்பார் என்று பட்டது.

நான் இருப்பது தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய தொழில் நகரம். ஓசூரில் வேலை பார்த்த தொழிற்சாலையின் வழியாக இங்கே வந்தேன். அங்கே செய்த அதே வேலைதான் இங்கேயும்: இயந்திர பாகங்களை அளந்து, தேறியது தேறாதது என்று பிரிப்பது. அளக்கும் அறையில் வெப்பம் கூடக் கூடாது, குறையக் கூடாது, யாரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசக் கூடாது. எனக்கு ஏற்ற இடம். இந்த மாதத்தோடு வந்து மூன்று ஆண்டு முடிகிறது. ஊரில் இருப்பவர்கள் "அங்கே எல்லாம் எப்படி?" என்று கேட்கும்போது வரிசையாகச் சொல்ல ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: குப்பையை நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துச் சத்தம் எழுப்பக் கூடாது, அலுவலகத்துக்குப் போனால் சொன்ன நேரத்துக்கு முன்பும் போகக் கூடாது, பின்பும் போகக் கூடாது. இந்த ஆண்டு அந்தப் பட்டியல் எனக்கே சலித்துவிட்டது. அதனால் வேறொன்றை எழுதுகிறேன். இதை முதலில் என் தங்கை படித்தாள். அவள் சரி என்ற பிறகே அனுப்புகிறேன்.

2

புத்தகத்தை நானாகத் தேடிப் போகவில்லை. மாலை மொழி வகுப்பின் ஆசிரியை, "பெரியவர்களின் செய்தித்தாள் உனக்கு இப்போது வேண்டாம், பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்களைப் படி, வாக்கியங்கள் நேராக இருக்கும்" என்று சொல்லி ஒன்றைப் பரிந்துரைத்தார். இரத்தத்தில் புற்றுநோய் வந்த ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் கதை. வகுப்பில் ஏற்கெனவே படித்திருந்த இருவர் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்கள்.

ஆரம்பத்திலேயே எனக்குச் சந்தேகம். நோயாளிப் பெண்ணுக்கு ஒரு வயதான நாய். சன்னலுக்கு வெளியே பனி. தம்பி ஒருவன், மூன்று பக்கத்துக்கு ஒருமுறை வெகுளியாக ஏதாவது கேட்பான். எந்த இடத்தில் எவ்வளவு கண்ணீர் வரவேண்டும் என்று கணக்குப் போட்டு அடுக்கியது போல இருந்தது. நான் அகராதியோடு உட்கார்ந்து, ஒரு சொல்லுக்கு மூன்று முறை நின்று நின்று படித்ததால் அழ நேரம் கிடைக்கவில்லை.

ஒரு காட்சி மட்டும் என்னைத் தொந்தரவு செய்தது. மருத்துவர் அறைக்குள் வருகிறார். அப்பாவும் அம்மாவும் பின்னால் இருக்கையில். மருத்துவர் அவர்களைத் தாண்டி வந்து, அந்தப் பெண்ணின் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு தாளில் படம் வரைந்து, உனக்கு வந்திருப்பது இது, இன்ன மருந்து தருவோம், முடி கொட்டும், ஒரு மருந்து சிவப்பாக இருக்கும், அது ஏறிய நாளில் சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று அவளிடமே சொல்கிறார். ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து யாராவது இப்படிப் பேசுவார்களா? இரக்கமில்லாத ஊர் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் மருத்துவர் நோயாளியைப் பார்த்துச் சிரிப்பார். "ஒண்ணுமில்ல, சரியாப் போயிடும்" என்பார். பிறகு, "நீங்க மட்டும் ஒரு நிமிஷம் இருங்க" என்று வீட்டு ஆம்பிளை ஒருவரை நிறுத்திக்கொள்வார். நோயாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் முறை. அதில் பாசம் இருக்கிறது என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

3

என் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பாவின் வேலைக்காக ஓசூருக்கு வந்தவர்கள். இத்தனை வருடம் ஆகியும் அவர்கள் பேச்சு மாறவில்லை; 'தூங்குகிறாள்' என்பதற்கு இன்னும் 'தூங்குதா' என்றே சொல்வார்கள். தங்கை பெனிட்டா ஓசூரிலேயே பிறந்தவள், பன்னிரண்டாம் வகுப்பு. அவள் "பேசிக்கினு", "போய்க்கினு" என்பாள். அம்மா ஒவ்வொரு முறையும் திருத்துவாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் அழைப்பேன். முதலில் அம்மா, பிறகு அப்பா, கடைசியில் பெனிட்டா. இந்த ஆண்டு மழைக்காலம் தொடங்கியதிலிருந்து கடைசி ஆள் வருவது நின்றுபோயிற்று.

"தூங்குதா. டைபாய்டு கொஞ்சம் இழுத்துட்டுது" என்றாள் அம்மா.

அடுத்த வாரம் அப்பா: "டைபாய்டு கொஞ்சம் இழுத்துட்டுது, தூங்குதா."

பாளையங்கோட்டையில் இருக்கும் அத்தையை வேறு காரியமாக அழைத்தேன். நான் கேட்கவேயில்லை. "பெனிட்டாக்கு டைபாய்டு கொஞ்சம் இழுத்துட்டுதாமே" என்றாள்.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மூன்று பேர் ஒரே பாகத்தை உண்மையாகவே அளந்தால், மூன்று எண்ணும் கடைசி இலக்கத்தில் கொஞ்சம் வேறுபடும். கை வேறு, கண் வேறு. மூன்றும் அச்சாக ஒன்றாக வந்தால், ஒருவர்தான் அளந்திருக்கிறார், மற்ற இருவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பாகங்களை நான் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். என் வீட்டிலிருந்து வந்த வாக்கியமும் அப்படித்தான் வந்தது.

அதன்பிறகு எல்லாமே உறுத்தியது. பெனிட்டாவின் புகைப்படம் கேட்டால் ஸ்டுடியோ மூடியிருக்கிறது. பரீட்சை பற்றிக் கேட்டால் பேச்சு என் கல்யாணத்துக்குத் தாவுகிறது. முடி கொட்டுகிறதாமே, அத்தை சொன்னாளே என்றால், "டைபாய்டு வந்தா முடி கொட்டத்தான் செய்யும், திரும்ப அடர்த்தியா வரும்" என்று மூச்சு விடாமல் பதில். அதையும் யாரோ சொல்லிக்கொடுத்தது போலிருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு, அம்மா களைத்துப்போயிருந்தாள். சொல்லவேண்டியதை மறந்து, சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டாள்.

"அந்தச் செவப்பு ட்ரிப்சு போட்டுட்டா ரெண்டு நாளைக்கு ஒண்ணும் இறங்க மாட்டேங்கு எஸ்தரு. ஒண்ணுக்கே செவப்பாப் போகுது. நான் பயந்தே போனேன். அதெல்லாம் அப்படித்தான்னு நர்சம்மா சொல்லுதா."

அந்தப் புத்தகம் என் மடியில் இருந்தது. படித்துக்கொண்டிருந்த பக்கத்தைப் பின்னால் புரட்டி, கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்த மருத்துவரிடம் போனேன். சிவப்பு மருந்து. சிவப்புச் சிறுநீர். பயப்படாதே. டைபாய்டுக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது.

"அம்மா, இது டைபாய்டு இல்ல."

அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். பிறகு ரிசீவர் கைமாறும் சத்தம். அப்பா வந்தார்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

ஒரு நாவல் சொன்னது என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? "எனக்குத் தெரியும்பா" என்றேன்.

4

கழுத்தில் கட்டி. நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம். இதைச் சொல்ல அப்பாவுக்கு வெகுநேரம் பிடித்தது. "புற்றுநோய்" என்ற சொல்லைக் கடைசிவரை அவர் சொல்லவேயில்லை. "அந்த வியாதி" என்றார். மருந்து கேட்கிறது, கட்டி கரைந்துவிட்டது, டாக்டருக்கே சந்தோஷம் என்றார். ஊரில் கோயிலில், சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை வருகிறது, நன்றி செலுத்த இரண்டு வாரம் அவளைக் கூட்டிப்போகப் போகிறோம், மீதி வைத்தியம் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"எனக்கு ஏன்பா சொல்லல?"

"நீ விசாவுக்குக் குடுத்திருக்க. வேலையை விட்டுட்டு ஓடியாந்துருவ. அதுவும் போச்சு, இதுவும் போச்சுன்னு ஆயிரும்."

அது பொய்யில்லை. என் அனுமதியை நீட்டிக்கும் விண்ணப்பம் வெளிநாட்டினர் அலுவலகத்தில் இருந்தது. மறுநாளே போய்க் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர், முடிவு வருவதற்குள் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வருவதற்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். தங்கைக்கு உடல்நிலை மோசம் என்று சொல்ல வந்தேன். பதற்றத்தில் "மோசமான தங்கை" என்று வந்தது. அவர் சிரிக்கவில்லை. சரியான வாக்கியத்தை மெதுவாகச் சொல்லித்தந்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்பா என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். "அவளுக்கு டைபாய்டுன்னுதான் சொல்லியிருக்கோம். நீ ஒண்ணும் ஒளறிராத. தெரிஞ்சா தெம்பு போயிரும், பிள்ள தாங்காது." சரி என்றேன். சொன்ன அன்றே அந்தச் சரி எனக்குக் கசந்தது. அப்பா சொன்ன கதையில் ஒன்று பொருந்தவில்லை. கட்டி கரைந்துவிட்டது என்றால் எதற்கு அந்தச் சிவப்பு மருந்து இன்னும்? டாக்டருக்கே சந்தோஷம் என்றால் அம்மா ஏன் அப்படிக் களைத்திருக்கிறாள்?

5

வெள்ளிக்கிழமை மாலை அம்மா பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போவாள். அப்பாவுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். இங்கே மதிய இடைவேளையில், தொழிற்சாலைக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அழைத்தேன்.

அவளே எடுத்தாள். குரல் கரகரப்பாக இருந்தது.

"தூங்கலியா?" என்றேன்.

"எப்பப் பாத்தாலும் தூங்கிக்கினே இருக்க நான் என்ன பூனையா? உன் போன் வந்தாத்தான் என்னைத் தூங்க வைக்கறாங்க."

கொஞ்ச நேரம் ஓசூர்க் குளிரைப் பற்றியும், அவள் வகுப்பிலிருந்து யாரெல்லாம் பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் என்னவெல்லாம் தின்றுவிட்டுப் போனார்கள் என்பதைப் பற்றியும் பேசினோம். பிறகு சட்டென்று கேட்டாள்.

"அக்கா, எனக்கு என்னா வியாதி?"

கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பயந்தவளின் கேள்வியாக அது இல்லை. வைவாவில் பரீட்சகர் கேட்பது போல இருந்தது. எதிரே ஒரு லாரி பின்னால் நகர்ந்து, பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்தேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்தேன். மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெனிட்டாவையும் நினைத்தேன்.

"கேன்சர்" என்றேன். "கழுத்துல இருக்கிற நிணநீர்ச் சுரப்பியில. இதுல பிழைக்கிறவங்க நிறைய. ஆனா வைத்தியத்த முழுசா முடிக்கணும்."

அவள் மூச்சை விட்டாள்.

"அப்பாடா. நீயும் டைபாய்டுன்னு சொல்லியிருந்தா இனிமே உன்கிட்ட பேசவே கூடாதுன்னு இருந்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"மொத நாள்லர்ந்தே தெரியும்."

அவள் சொன்னது இது. பெங்களூர் டாக்டருக்குத் தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். ஆனால் இரண்டுமே மகளுக்குப் புரிந்துவிடுமே என்று அப்பா பயந்தார். அதனால் தொழிற்சாலையில் தன்னோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் நாகராஜ் என்ற கன்னடக்காரரைக் கூட்டிப்போனார். மகளை வெளியே தனியாக உட்காரவைக்கவும் அப்பாவுக்கு மனசில்லை. டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டு ஓர் ஏற்பாடு செய்தார். டாக்டர் எல்லாவற்றையும் நாகராஜிடம் கன்னடத்தில் சொல்ல வேண்டும். வெளியே டீக்கடையில் வைத்து நாகராஜ் அப்பாவுக்குத் தமிழில் சொல்வார். அப்பா இத்தனை வருடம் ஓசூரில் இருந்தும் திருநெல்வேலிக்காரர்களோடு லைனிலும், திருநெல்வேலிக்காரர்களோடு கோயிலிலும் காலம் தள்ளியவர். கன்னடத்தில் அவருக்குத் தெரிந்தது பஸ் நடத்துனரிடம் பேசும் அளவுக்குத்தான். வீட்டில் எல்லோரும் தன்னைப் போலத்தான் என்று நினைத்துவிட்டார்.

"எங்க ஸ்கூல் பஸ்ல பாதிப் பேரு கன்னடம், மீதி தெலுங்கு. என் பெஞ்சுல உக்காற்றது ரூபா, அவ வீட்ல வேற பாஷையே கிடையாது. எனக்கு அது பேச வரும்னு உங்க யாருக்கும் தெரியாது, இல்ல? என் தலைக்கு மேலயே பேசிக்கினு இருந்தாங்க. நான் காலண்டரப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன். அப்பா என் கையப் புடிச்சிக்கினு, 'டாக்டர் மாமா நல்லாப் பேசுதாருல்ல'ன்னு சொல்றாரு."

அவள் கல்லூரி வயதை நெருங்கிவிட்டாள். அவள் தொடக்கப் பள்ளியில் இருக்கும்போதே நான் கோயம்புத்தூர் விடுதிக்குப் போனேன். பிறகு இங்கே. அவள் என்ன பேசுகிறாள் என்பது எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

"சரி, இப்ப எதுக்கு உன்னை டெஸ்ட் பண்ணேன்னு கேளு" என்றாள். "அப்பாவுக்கே பாதிதான் தெரியும்க்கா."

"என்னது?"

"போன தடவ டாக்டரு, கட்டி நெனச்ச மாதிரி கொறையல, சீக்கிரம் அட்மிட் பண்ணி இன்னும் பலமான மருந்து குடுக்கணும், தள்ளிப் போடாதீங்கன்னு சொன்னாரு. நான் காதால கேட்டேன். வெளிய டீக்கடைல நாகராஜ் அங்கிள், நான் தள்ளி நிக்கறேன், காதுல விழாதுன்னு நெனச்சிக்கினு, 'எல்லா நல்லாருக்குதண்ணா, இன்னும் கொஞ்சம் ஊசி, அவசரமில்ல'ன்னு சொல்றாரு. அப்பா முகத்தப் பாத்ததும் அவருக்கு வாய் வரல போல. அப்பா அங்கயே நின்னு ஸ்தோத்திரம் சொல்லி அழறாரு. இப்ப அசனத்துக்கு டிக்கெட் எடுத்துட்டாரு."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அம்மாவும் அப்பாவும் அவளிடம் மறைத்தார்கள். எல்லோரும் சேர்ந்து என்னிடம் மறைத்தார்கள். நாகராஜ் அப்பாவிடம் மறைத்தார். அவள் தனக்குத் தெரியும் என்பதை எல்லோரிடமும் மறைத்தாள். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தப் பாசத்துக்கு நடுவில் அவள் கழுத்திலிருந்த கட்டி மட்டும் தன்பாட்டுக்கு இருந்தது.

"நான் அப்பாகிட்ட சொல்றேன்" என்றேன்.

"வேணாம். நீ போன்ல சொன்னா, நீ என்னமோ இன்டர்நெட்ல பாத்துட்டுப் பேசறன்னு சொல்லுவாரு. அப்புறம் நாகராஜ் அங்கிள்கிட்ட போய்க் கேப்பாரு, அவரு மறுபடியும் நல்லாருக்குதம்பாரு. திங்கக்கெழமை டாக்டரப் பாக்கணும். நானே பேசறேன். நீ ஒண்ணு மட்டும் பண்ணு."

"சொல்லு."

"நான் பேசுனா அவரு ஒடஞ்சிருவாரு. அம்மாகிட்ட அத அவரால சொல்ல முடியாது. உனக்குத்தான் போன் பண்ணுவாரு. அப்ப நீ அழக் கூடாது. நீயும் அழுதா, மறுபடியும் எல்லாரும் டைபாய்டுக்கே போயிருவாங்க."

சரி என்றேன். ஒரே வாரத்தில் கொடுத்த இரண்டாவது வாக்கு. முதலாவதை உடைத்ததில் எனக்கு வருத்தமில்லை.

"ஆமா, நீ எப்படிக் கண்டுபுடிச்ச?" என்றாள் வைக்கும்முன். அந்த நாவலைப் பற்றிச் சொன்னேன். "அதுல வர்ற பொண்ணு பொழைக்கிறாளா?"

"இன்னும் முடிக்கல."

"முடிக்காத. முடிச்சாலும் எனக்குச் சொல்லாத. வேற யாரோ எழுதுன முடிவு எனக்கு எதுக்கு?"

6

அப்பா தானாக எனக்கு அழைத்ததில்லை. ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், நான் திருப்பிக் கூப்பிட வேண்டும். அந்தத் திங்கட்கிழமை அழைப்பு நிற்காமல் அடித்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, அளக்கும் அறையின் கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டு, நடைபாதைக்கு வந்து எடுத்தேன். பின்னணியில் பேருந்துகளின் ஹாரன். ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார்.

"எஸ்தரு."

"சொல்லுங்கப்பா."

"டாக்டரு நாகராஜ்ட்ட பேச ஆரம்பிச்சாரு. இவ நடுவுல அவரு பாசையிலேயே என்னமோ கேட்டா. டாக்டரு அப்படியே நிறுத்திட்டு இவளப் பாத்தாரு. பெறவு அவகிட்டயே பேசுதாரு. இவளும் பேசுதா. நாகராஜ் தலையக் குனிஞ்சிட்டான். நான் மூணு பேரு வாயையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவளுக்குச் சொன்ன வாக்கு நினைவிருந்தது.

"பெறகு?"

"வெளிய வந்ததும் நாகராஜ் சொல்ல வந்தான். இவ, 'அங்கிள், நீங்க டீ சாப்புடுங்க, அப்பாக்கு நான் சொல்லிக்கறேன்'னுட்டா. என்னைப் பெஞ்சில உக்கார வச்சு, எதிர்ல நின்னுக்கிட்டு ஒண்ணொண்ணாச் சொல்லுதா. கட்டி கொறையலயாம். இன்னைக்கே படுக்கணுமாம். அந்த வியாதி பேரு முதக்கொண்டு சொல்லுதா எஸ்தரு. அவ வாயால. கொஞ்சங்கூட நடுங்கல. 'அசனத்துக்கு நீங்களும் அம்மாவும் வேணா போயிட்டு வாங்க, எனக்குச் சோறு மட்டும் கொண்டாங்க'ங்கா."

அவர் அழுதார். நான் அழவில்லை. நடைபாதையில் போன சக ஊழியர் ஒருவர் என்னைப் பார்த்து ஏதாவது வேண்டுமா என்று கையால் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"இப்ப எங்கப்பா இருக்கா?"

"உள்ள அட்மிசன் போடுதா. வயசு பத்தலையாம், நான் வந்து கையெழுத்துப் போடணுமாம். போகணும்." ஆனால் அவர் போகவில்லை. "நான் அழுதா சொல்லுதத நிறுத்திக்கிடுதா. நான் மொகத்தத் தொடைக்கிற வரைக்கும் நிக்கா. பெறவு, 'மிச்சத்தையும் சொல்லிரட்டுமாப்பா'ன்னு கேக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்லு தாயின்னேன்."